கறள் பிடித்த காசு: மூன்று உலோகம், மூன்று விதி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு. யன்னலோர டின்னில் சேர்ந்த சில்லறையைப் போன கிழமை கொட்டினேன். மூன்று காலத்து இலங்கைக் குற்றிகள் விழுந்தன. எல்லாம் பட்டது ஒரே உப்புக்காற்றுதான், பழுதான விதம் மட்டும் வேறு வேறு.

எண்பதுகளின் பெரிய ஒரு ரூபா செப்பும் நிக்கலும் கலந்தது. உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் அது தேயும், உக்காது. எழுத்து மழுங்கினாலும் காசு காசுதான். அந்தக் காலத்துப் பித்தளைநிற ஐந்து ரூபா கறுத்துப் போனாலும் புளி போட்டுத் தேய்த்தால் மினுங்கும். (நாணயம் சேகரிப்பவர் முன்னால் இதைச் செய்யாதீர்கள், அடிக்க வருவார்.) குறை ஒன்றுதான்: செப்பு விலை ஏறினால் காசடிக்கும் செலவே காசின் பெறுமதியை விழுங்கிவிடும்.

2005க்குப் பிறகு வந்த சின்ன மஞ்சள் ஒரு ரூபா, பித்தளை முலாம் பூசிய உருக்கு. மலிவு, பாரமும் குறைவு. ஆனால் டின்னில் அதிகம் நாறியது இதுதான். முலாம் மெல்லியது. தார் றோட்டில் ஒருமுறை விழுந்து கீறுப்பட்டால் ஈரம் உள்ளே போகிறது. இரும்பை விடப் பித்தளை அரிப்பைத் தாங்கும். இரண்டும் ஒட்டியிருக்க உப்பு ஈரமும் சேர்ந்தால், திறந்த இடத்து இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். கறள் இரும்பை விட அதிக இடம் பிடிப்பதால் முலாம் கொப்பளித்து உரியும். பக்கத்துக் காசிலும் கறை ஏறும்.

2017 வரிசை துருவேறா உருக்கு. அதிலுள்ள குரோமியம் காற்றுப்பட்டு மெல்லிய தோல் போல் படியும், கீறினாலும் திரும்ப மூடிக்கொள்ளும். உழைப்பில் என் ஓட்டு இதற்கே. ஆனால் ஐந்து ரூபாவும் வெள்ளையாகிவிட்டதால், இருட்டும் நேரம் 100ஆம் இலக்க பஸ்ஸில் எதைக் கொடுத்தேன் என்று எனக்கே குழப்பம்.

சரி, கறள் பிடித்ததை எங்கே தள்ளுவது? கொண்டக்டர் முகம் சுளிப்பார். கோயில் உண்டியலில் போட்டால் தலையிடி கணக்குப்பிள்ளைக்கு. வங்கிதான் நேர்வழி, ஏனென்றால் வெளியிட்ட மத்திய வங்கிக்கே திரும்பிப் போகவேண்டிய காசு அது. வளைத்தது, துளைபோட்டது வேறு கதை, அது பாவனையால் வந்த பழுதல்ல.

மஞ்சள் காசுகளைப் பையில் கட்டிவிட்டேன். தேய்ந்த பெரிய ரூபா மட்டும் டின்னுக்கே திரும்பியது.