என்பிடெல் இணையப் பாடங்கள்: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

பருவம் தொடங்கியவுடனே, "என்பிடெல்லில் பதிவு செய்துவிட்டீர்களா?" என்ற கேள்வி காரைக்குடிப் பக்கத்து மாணவர்களைத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. என்பிடெல் (NPTEL) என்பது ஐஐடி போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம். வணிகவியல் ஆசிரியனாகிய நான், பிள்ளைகளைச் சேரச் சொல்வதற்கு முன் நானே படித்துத் தேர்வும் எழுதிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, நிதிக் கணக்கியல் குறித்த 12 வாரப் பாடமொன்றில் சேர்ந்தேன். என் மதிப்பீட்டில், விரிவுரைகளைவிடத் தேர்வு முறைதான் இந்தச் சேவையின் உண்மையான பலம். அந்தப் பலத்தைத்தான் கல்லூரிகள் பெரிதும் வீணடிக்கின்றன.

2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இத்திட்டம், முதலில் காணொளி விரிவுரைகளின் களஞ்சியமாகவே இருந்தது. சான்றிதழ்ப் பாடங்கள் 2014-இல் வந்தன. 2017-இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் வழியாக இப்போது சேரலாம். பாடம் கேட்கவும் வாராந்திர ஒப்படைப்புகளைச் செய்யவும் பணம் கட்ட வேண்டியதில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டுமே தேர்வுக் கட்டணம். நான் எழுதிய பருவத்தில் அது 1000 ரூபாய்.

மதிப்பெண் கணக்கைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரியிலிருந்து 25 மதிப்பெண்ணும், மையத்தில் கண்காணிப்போடு நடக்கும் தேர்விலிருந்து 75 மதிப்பெண்ணும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 என்ற இரண்டு வரம்புகளையும் தனித்தனியே தாண்டியாக வேண்டும். ஆகவே ஒப்படைப்பில் முழுதாக 25 வாங்கிய ஒருவர் தேர்வில் 29 எடுத்தால், கூட்டுத்தொகை 54 ஆக இருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. என் வகுப்பு மாணவர் ஒருவரிடம் அந்த வாரத்து விரிவுரையைக் கேட்டாயிற்றா என்று விசாரித்தபோது, "வேண்டாம் சார், கெடு முடியுற அன்னைக்கு வாட்ஸ்அப்ல விடை வந்துரும் சார்" என்று சற்றும் தயங்காமல் சொன்னார். ஒப்படைப்பு பெரும்பாலும் கொள்குறி வினாக்களாக இருப்பதால் ஏ, பி, சி, டி என்று பத்து எழுத்துகளை அனுப்பினால் வேலை முடிந்துவிடுகிறது. துறைக்கு எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதை மட்டும் எண்ணும் நிர்வாகம் ஒன்று இதைக் கண்டும் காணாமல் இருப்பதை நான் அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

விரிவுரைகளின் தரத்தில் எனக்குக் குறையில்லை. பேராசிரியர் ஒரு பதிவேட்டுப் பதிவை எழுதிக் காட்டும்போது நிறுத்தி, நோட்டில் நாமும் எழுதி, மீண்டும் ஓட விட்டுச் சரிபார்க்க முடிவது, அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் நடக்காத காரியம். 1947-இல் கலைக் கல்லூரியையும் 1952-இல் பொறியியல் கல்லூரியையும் வள்ளல் அழகப்பச் செட்டியார் இங்கே நிறுவிய காலத்தில், நல்ல ஆசிரியரை இந்த வறண்ட சீமைக்கு வரவழைப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும். இன்று பம்பாய் ஐஐடி ஆசிரியர் கோட்டையூர் வீட்டுத் திண்ணையில் கைப்பேசிக்குள் வந்து நிற்கிறார். ஆனால் அவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். சில பாடங்களுக்குத் தமிழாக்கம் கிடைக்கிறது என்றாலும், பெரும்பாலான விரிவுரைகளும் தேர்வும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பேரேடு (லெட்ஜர்), ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) என்ற சொற்களை வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளை, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தெரிந்த கணக்கையே தெரியாத மொழியில் கேட்டுத் திணறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கணக்கியலுக்குக் கொள்குறி வினா போதாது என்பது என் இன்னொரு மனக்குறை: ஐந்தொகையைச் சரிக்கட்டத் தெரியாதவரும் நான்கு விடைகளில் ஒன்றை ஊகித்துவிடலாம்.

நான் தேர்வெழுத மதுரையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். விடியற்காலை வண்டி பிடித்து, மேலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். நுழைவுச் சீட்டையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, கணினி முன் அமர்த்தி, பக்கத்தில் இருப்பவர் திரையை எட்டிப் பார்க்க வழியில்லாமல் நடத்தினார்கள். வாட்ஸ்அப் விடைகளை நம்பி வந்தவர்களின் நிலை அங்கேதான் தெரிந்தது.

ஸ்வயம் பாடங்களை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை பட்டத்துக்கான மதிப்பீட்டுப் புள்ளிகளாக (கிரெடிட்) ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை அனுமதிக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் கையில் இருப்பதால், எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்பார்கள் என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

என் பரிந்துரை இதுதான்: இளங்கலை மாணவர்கள் முதலில் 4 வாரப் பாடத்தில் தொடங்கலாம், ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள், பதிவுக்கு முன் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பழைய விரிவுரைகள் இரண்டு மூன்றைக் கேட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழைத் தேர்வுப் பதிவின்போதே பதிவேற்ற வேண்டும் என்பதால், வட்டாட்சியர் அலுவலக வேலை பாக்கி இருப்பவர்கள் அதைப் பருவத் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.