பஃபரா, செல்ஃப்-பிளாஸ்டா?

பழைய 145 கிலோவோல்ட் சர்க்யூட் பிரேக்கர்களை (கோளாறு வந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை) மாற்ற வேண்டி வந்தபோது பஃபர் வகையா, செல்ஃப்-பிளாஸ்ட் வகையா என்ற கேள்வி எழுந்தது. நாங்கள் எடுத்தது செல்ஃப்-பிளாஸ்ட். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டிலும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயுதான், அதைப் பாய்ச்சும் டெஃப்லான் நாசில்தான். வாயு கசியாமல் காப்பதும் இரண்டுக்கும் ஒரே பாடுதான். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுழியைத் தொடும். அந்தக் கணத்தில் வாயு பாய்ந்து ஆர்க்கின் (தொடுமுனைகள் பிரியும்போது இடையில் எரியும் மின்பொறியின்) சூட்டை அள்ளிக்கொண்டு போக வேண்டும். பாயும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பஃபரில் சைக்கிள் பம்ப் மாதிரி, நகரும் சிலிண்டர் பிஸ்டனோடு சேர்ந்து வாயுவை அழுத்துகிறது. பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் ஆர்க்கே நாசிலின் கழுத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே ஏறும் அழுத்தம் சிலிண்டரை எதிர்த்துத் தள்ளும். அதை மீறி இழுக்க முரட்டு பலம் தேவை. அதனால்தான் பல பஃபர்களில் ஹைட்ராலிக் அல்லது காற்றழுத்த இயக்கம் இருக்கிறது.

செல்ஃப்-பிளாஸ்ட் அந்தச் சூட்டையே வேலை வாங்குகிறது. ஆர்க் பக்கத்து அறையிலுள்ள வாயுவைச் சூடாக்கி அழுத்தம் ஏற்றும். மின்னோட்டம் சுழியை நெருங்கி நாசில் திறந்ததும் அதே வாயு ஆர்க்கின் மேல் பாயும். சின்ன மின்னோட்டத்தில் சூடு போதாது, அதற்கு ஒரு சிறிய பிஸ்டன் துணை. ஆகவே ஸ்பிரிங் இயக்கமே போதும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஸ்பிரிங்தான். பிரேக்கரில் பெரும்பாலும் மக்கர் செய்வது ஆர்க்கை அணைக்கும் அறை இல்லை, இயக்க அமைப்பு. சிக்ரே என்ற மின்துறை வல்லுநர் அமைப்பு நடத்திய சர்வதேச ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஹைட்ராலிக்கில் எண்ணெய்க் கசிவு, நைட்ரஜன் அழுத்தம், வால்வு சீல் என்று கவனிக்க ஏகப்பட்டது உண்டு. பிரேக்கர் இயங்காத நாளிலும் பம்ப் எத்தனை முறை ஓடியது என்று காட்டும் கவுன்டர் ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் உள்ளுக்குள் கசிகிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. ஸ்பிரிங்கில் மோட்டார், பல்சக்கரம், ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் லாட்ச், அதிர்ச்சியைத் தணிக்கும் டேம்பர், அவ்வளவுதான். கிரீஸ் காய்ந்து லாட்ச் இறுகாமல் பார்த்துக்கொண்டு, திறந்து மூடும் நேரத்தை அளக்கும் டைமிங் சோதனையை ஒழுங்காகச் செய்தால் போதும்.

என் அனுபவம் 145 கிலோவோல்ட்டோடு நிற்கிறது. 420 கிலோவோல்ட்டில் பஃபரை விரும்புவோர் பக்கமும் நியாயம் உண்டு, ஏனெனில் அதன் பாய்ச்சல் ஆர்க்கின் சூட்டை நம்பி இல்லை. செல்ஃப்-பிளாஸ்டுக்குச் சோதனையான இடம் நடுத்தர மின்னோட்டம்: சூடும் பத்தாது, சிறிய பிஸ்டனும் திணறும். வாங்கும்போது டைப் டெஸ்ட் அறிக்கையில் முழு ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தில் செய்யும் டி100-ஐ மட்டும் பார்த்து விடாமல், அதில் 10, 30 சதவீத மின்னோட்டத்தில் செய்யும் டி10, டி30 முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.