நான்கு ஆண்டுகள் உடுத்திய ஒரு குர்தா

வாங்கிய மறுநாளே ஆடைக்கு விமர்சனம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடை விளக்கின் கீழ் எல்லாத் துணியும் நல்ல துணியாகத்தான் தெரியும். ஆரோவில்லில் இயங்கும் உபாசனா வடிவமைப்புக் கூடத்தின் பருத்திக் குர்தா ஒன்றை, வாரத்துக்கு ஒரு நாளாவது உடுத்தி, துவைத்து, தேய்த்து, நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

உபாசனாவைத் தொடங்கியவர் உமா பிரஜாபதி. பீகாரைச் சேர்ந்தவர், டெல்லியில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்ட்டில் படித்தவர். 1996இல் சில நாள் வேலைக்காக ஆரோவில்லுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார், அடுத்த ஆண்டே உபாசனா உருவானது. வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் துணியிலிருந்து ஃபேஷன் ஷோ மேடையை நோக்கி நடப்பார்கள். இவரோ துணியிலிருந்து பின்னோக்கி, அதை நெய்தவரையும் அந்த நூலுக்குப் பஞ்சு விளைவித்தவரையும் தேடி நடந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. விசைத்தறியாலும் மலிவான போலிப் பட்டாலும் வேலையிழந்த வாரணாசி நெசவாளர்களுடன் சேர்ந்து ஒரு திட்டம், மதுரைப் பகுதியில் இயற்கை முறையில் பருத்தி விளைவிக்கும் விவசாயிகளுக்காகக் ‘கபாஸ்’ என்று இன்னொரு திட்டம் என அந்த நடை நீண்டது. ஓர் ஆடையின் ஆயுளில் பாதி, கத்தரி துணியைத் தொடுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதால், இந்தத் திசை சரியான திசை என்றே சொல்வேன்.

என் குர்தாவைப் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும். உட்புறத் தையல்கள் மடித்து அடிக்கப்பட்டிருப்பதால் பிசிறு எங்கும் தொங்கவில்லை; காஜாக்களில் நூல் பிரியவில்லை; காலர் மடிப்பில் மட்டும் துணி சற்றே மெலிந்திருக்கிறது, நான்கு ஆண்டுகளுக்கு அது நியாயம்தான். நிறம் தோள்பட்டையில் வெளிறியதற்கு என் வீட்டு மொட்டை மாடிதான் காரணம். இயற்கைச் சாயமிட்ட துணியை நிழலில் உலர்த்த வேண்டும் என்பது தெரிந்தும் நான் உச்சி வெயிலில் போட்டேன். கொடியில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் வெளிர் நிறங்களையே வாங்கலாம்.

வெட்டில் மிஞ்சும் துண்டுத் துணி பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அருகிலிருந்த கடற்கரைக் கிராமங்களின் பெண்களுக்கு மனத்தைத் தேற்றவும் வருமானம் தேடவும் ஒரு கைவேலை தேவைப்பட்டபோது, அத்தகைய துண்டுகளிலிருந்தே ‘சுனாமிகா’ என்ற குட்டிப் பொம்மை பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே கொடுக்கப்படுகிறது, நன்கொடையால் திட்டம் நடக்கிறது. என்னிடம் இருப்பது வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்கி அழுக்கேறிக் கிடக்கிறது.

விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். கைத்தறித் துணிக்கும் இயற்கை வேளாண் பருத்திக்கும் கூலி ஒழுங்காகக் கொடுத்தால் விலை இந்த அளவில்தான் நிற்கும். தீபாவளிக்குக் குடும்பத்தில் ஆறு பேருக்கும் இங்கேயே எடுப்பது என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் இதே காலத்தில் நகரத்துக் கடை ஒன்றில் பாதி விலைக்கு எடுத்த சட்டை, இரண்டாம் ஆண்டே அக்குளில் கிழிந்து, இப்போது வண்டி துடைக்கிறது.

சென்ற மாதம் குர்தா இடுப்பில் இறுகத் தொடங்கியது. குறை துணியில் இல்லை, என்னில்தான். எங்கள் தெருத் தையற்காரர் அதைப் புரட்டி, தையலை விரலால் நீவிப் பார்த்து, “உள்ளுக்குள்ள துணி விட்டிருக்காங்க சார், பிரிச்சு விட்டுடலாம்” என்றார். நான் வண்டி துடைக்கும் சட்டையைப் பற்றி முன்பு கேட்டபோது, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் தையலுக்கு அப்பால் ஒரு நூல்கூட இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர் அவர். இந்த முறை இரண்டு பக்கமும் பிரித்து விட்டு, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இன்னும் அரை அங்குலம் உள்ளே மிச்சம் இருக்கிறதாம்.