தண்ணீருக்கு மட்டும் 714 ரூபாய்: ஏசி உணவகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எட்டுப் பேர் சாப்பிட்ட பில்லில் தண்ணீருக்கு மட்டும் 714 ரூபாய். ஜூஸ் இல்லை, மோர் இல்லை, வெறும் தண்ணீர். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்களும் அதைத்தான் நம்பிக் கடை நடத்துகிறார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. காஞ்சிபுரத்தில் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில், சென்னைப் புறநகரில் இருக்கிற ஒரு ஏசி ஃபேமிலி ரெஸ்டாரன்ட். வாசலில் பிளாஸ்டிக் புல், உள்ளே மெத்தை சோபா, தந்தூரியும் நூடுல்ஸும் செட்டிநாடும் ஒரே மெனு கார்டில். அந்த மாதிரிக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன, அதனால்தான் இந்தப் பதிவு.

நல்ல வெயில். உட்கார்ந்ததும் அம்மா முதலில் கேட்டது தண்ணீர். சப்ளையர் இரண்டு பெரிய செம்பு ஜக்கில் கொண்டுவந்து வைத்தார். ஜக்கின் வெளியே குளிர்ந்து நீர் முத்து முத்தாக நின்றது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "செம்புல ஊத்தி வச்சிருக்காங்க பாரு, உடம்புக்கு நல்லது" என்று பெரியம்மாவிடம் சொல்கிறார். வெளியூர்த் தண்ணீர் அம்மாவுக்குச் சட்டென்று சேராது என்பதால் நான் வாய்விட்டே கேட்டேன்: "தம்பி, இது என்ன தண்ணி?" அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நல்ல தண்ணிதாம்மா, ஃபில்டர் பண்ணது, நம்பிக் குடிங்க" என்றார். பாட்டில் என்ற பேச்சே வரவில்லை. விலை என்ற பேச்சும் வரவில்லை. அதற்கப்புறம் டம்ளர் பாதி காலியானால் போதும், கேட்காமலே வந்து ஊற்றினார். என்ன கவனிப்பு என்று பெரியப்பா பாராட்டி, தனியாக ஐம்பது ரூபாயை அவர் கையில் வேறு கொடுத்தார்.

பில் வந்தது. நடுவில் ஒரு வரி, "பி.டி.டபிள்யூ. 1 லி, 8 x 85, 680". என்னவென்று புரியாமல் கேட்டால், "வாட்டர் சார்" என்கிறார்கள். அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 34 ரூபாய். ஆக 714.

"நாங்கள் பாட்டில் கேட்கவே இல்லையே?" என்றேன். அதற்குள் கை கழுவப் போன அக்கா மகன் போனில் ஒரு படத்தோடு திரும்பினான். தடுப்புக்குப் பின்னால், சப்ளையர்கள் நிற்கிற மேடையின் கீழே, காலி பாட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பெட்டிக்கடையில் தொங்குகிற அதே பாட்டில். கழுத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்த விலை 20 ரூபாய். அதை அங்கே உடைத்துச் செம்பு ஜக்கில் ஊற்றி எடுத்து வந்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சப்ளையர், "கேப்டன்கிட்ட கேளுங்க சார்." கேப்டன், "சிஸ்டத்துல ஏறிடுச்சு சார், எடுக்க முடியாது. நீங்க ரெகுலர் வாட்டர்னு சொல்லியிருந்தா அதைக் குடுத்திருப்போம்." சரி, இப்போது ஒரு டம்ளர் ரெகுலர் வாட்டர் கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன். உடனே மேனேஜர் குறுக்கே வந்து, "ரெகுலர் வாட்டர் இல்ல சார், ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ்ல இருக்கு" என்கிறார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் கேஷியர் சொன்னதுதான் உச்சம்: "குடிச்சாச்சே சார், இனிமே என்ன பண்றது?"

இதில் ஒரு வேடிக்கை. அதே பில்லில் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் இருந்தது. அதை எடுங்கள் என்றதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டு வேறு பில் அடித்தார்கள். கேட்காமல் சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டதும், அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னதும் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கேட்கிறவனுக்கு மட்டும் எடுப்பது, கேட்காதவனிடம் வாங்கிக்கொள்வது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதும் தெரிந்தது. 20 ரூபாய் பாட்டிலை 85-க்கு விற்கலாமா என்று நான் கேட்டதும் மேனேஜர் போனை நீட்டினார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பாம். வீட்டுக்கு வந்து பார்த்தேன், தீர்ப்பு உண்மைதான். 2017 டிசம்பர் 12. ஹோட்டல், உணவகங்களில் பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் எடையளவுச் சட்டத்தின்படி குற்றமில்லை. காரணம், அங்கே வருகிறவர் பாட்டில் வாங்க மட்டும் வரவில்லை, உட்கார இடம், பரிமாறுவது, சூழல் எல்லாவற்றையும் சேர்த்து அனுபவிக்கிறார். அது வெறும் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது.

சரி, அப்படியே இருக்கட்டும். சேவை என்று சொல்லித்தானே 20 ரூபாய் பாட்டிலுக்கு 85 வாங்குகிறாய்? சாப்பிட உட்கார்ந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது அந்தச் சேவையில் சேராதா? கேட்காத பாட்டிலை ஜக்கில் மறைத்துக் கொண்டுவந்து தலையில் கட்டலாம் என்று அந்தத் தீர்ப்பில் எங்கே இருக்கிறது? விலையைப் பற்றிய தீர்ப்பைக் காட்டி ஏமாற்றை மூடுகிறார்கள்.

ஆர்.ஓ. ரிப்பேர் என்பதும் ஒப்புக்கு நிற்கிற பேச்சில்லை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையலுக்கே குடிக்கத் தகுந்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். அன்றைக்கு அந்தக் கடையில் ரசம் வைத்தார்கள், சாதம் வடித்தார்கள், கிரேவி செய்தார்கள். எந்தத் தண்ணீரில்? அது நல்ல தண்ணீர் என்றால் டம்ளரில் ஊற்று. இல்லை என்றால் நாங்கள் சாப்பிட்டது என்ன?

தண்ணீர் ஓசியில் வருவதில்லை என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தெரியும். கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் காசுதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு ஊரே அடித்துக்கொண்டபோது எங்கள் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் இலைக்குப் பதில் தாள் போட்டார்கள், சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார்கள். ஆனால் டம்ளரில் தண்ணீர் வைப்பதை நிறுத்தவில்லை. 2013-ல் அரசு பேருந்து நிலையங்களில் லிட்டர் 10 ரூபாய்க்கு அம்மா குடிநீர் கொண்டுவந்தபோதுகூட எங்கள் பெரியப்பா "தண்ணிக்குக் காசா" என்று முணுமுணுத்தவர். அவரைத்தான் இவர்கள் 85 ரூபாய்த் தண்ணீருக்கு டிப்ஸ் கொடுக்க வைத்தார்கள். செலவாகிறதா, அதைச் சாப்பாட்டு விலையில் சேர்த்து மெனுவில் போடு. படித்துப் பார்த்து வேண்டும் என்றால் உட்காருகிறோம்.

மறுநாள் பில்லில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால், "ஓனர் வெளியூர்ல இருக்கார், நாங்களே கூப்பிடுறோம்." கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் பில்லும் பாட்டில் படமும் அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் மட்டும் வந்தது. ரிவ்யூ போட்டதும் பத்து நிமிடத்தில் பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் மதிப்புமிக்கது, அடுத்த முறை வரும்போது ஒரு குலாப் ஜாமூன் இலவசம். 714 ரூபாய்க்கு ஒரு குலாப் ஜாமூன்! அதைத் தின்ன மறுபடி அங்கே போய்த் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் "பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுந்துவிடுங்கள். ஜக்கில் வந்தாலும் "இதற்குக் காசு உண்டா?" என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பில்லில் புரியாத சுருக்கம் எது இருந்தாலும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஐதராபாத்தில் இதேபோலச் சாதாரணத் தண்ணீர் தர மறுத்துப் பாட்டிலை வாங்க வைத்த உணவகத்தை 5,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது அங்குள்ள ஆணையம்.

வீட்டில், "714 ரூபாய்க்குப் போய்க் கேஸா" என்கிறார்கள். 1915-இல் புகார் பதிவாகிவிட்டது. பணம் திரும்ப வந்தால் இங்கேயே சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்கிறேன்.