சிபிடியோடு நான்கு வருடம்: கண்டுபிடித்த நகல்களும் நான் சேர்த்துக் கெடுத்த ஒன்றும்

சில்லறைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் சின்ன டீம் எங்களுடையது. கணக்கெல்லாம் ஜாவாவில், திரை ஜாவாஸ்கிரிப்டில், ரிப்போர்ட் முழுக்க எஸ்க்யூஎல்லில். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது அடித்துப் பிடித்து எழுதிய கோட் அதில் ஏராளம். எழுதியவர்கள் யாரும் இப்போது எங்களோடு இல்லை. அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. அதே அவசரத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில் ஒழுங்காக ஓடுகிற நாற்பது வரியை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டி, இரண்டு பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. கடைக்காரர் போனில் காத்திருக்கும்போது அதுதான் நடக்கும்.

2021 கடைசியில், பிஎம்டி என்ற கோட் பரிசோதனைக் கருவியோடு சேர்ந்தே வருகிற சிபிடியை எங்கள் பில்டில் (கோடை ஓடும் மென்பொருளாகத் தொகுக்கும் படியில்) சேர்த்தோம். காப்பி பேஸ்ட் டிடெக்டர் என்பதன் சுருக்கம்தான் சிபிடி. ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, தனி செர்வர் வைக்க வேண்டாம், ஒரு கமாண்ட் போதும். கோடை எழுத்தாகப் பார்க்காமல் டோக்கன்களாக (சொல், எண், குறி என்ற சின்னத் துண்டுகளாக) உடைத்து, ஒரே வரிசையில் வரும் டோக்கன் கூட்டங்களை ஹாஷ் (சுருக்க எண்) போட்டுத் தேடுகிறது. அதனால் இடைவெளியை மாற்றினாலும் நடுவில் கமென்ட் எழுதினாலும் ஏமாறாது. மாறியின் (வேரியபிள்) பெயரை மாற்றினால் ஏமாறும். அதையும் பிடிக்க வேண்டுமென்றால் பெயர்களைக் கண்டுகொள்ளாதே என்று தனியாக ஓர் ஆப்ஷன் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத வகுப்புகளையெல்லாம் ஒட்டிப் பிறந்தவை என்று சொல்லத் தொடங்கியதால் இரண்டே நாளில் எடுத்துவிட்டேன்.

முதல் நாள் அனுபவம் நன்றாக இல்லை. எத்தனை டோக்கன் ஒன்றுபோல் வந்தால் நகல் என்று சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கையை ஆர்வக்கோளாறில் 50 என்று வைத்தேன். ரிப்போர்ட் வந்தது, படிக்கத்தான் முடியவில்லை. பாதிக்கு மேல் கெட்டர், செட்டர்: மதிப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும் எழுதும் ஒரேபோன்ற கோட். மீதியில் பெரும்பகுதி டெஸ்ட் ஃபைல்கள். நகல் ஒன்று கிடைத்தாலும் சிபிடி 4 என்ற எக்ஸிட் கோடோடு (பில்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்) முடியும் என்பது எனக்குத் தெரியாது. பில்ட் சிவப்பாகி, அன்று மாலை போக வேண்டிய ரிலீஸ் நின்றது. மறுநாள் எண்ணிக்கையை 100 ஆக்கி, டெஸ்ட்களையும் வெறும் டேட்டா வகுப்புகளையும் விலக்கி, பில்டை நிறுத்தாமல் ரிப்போர்ட் மட்டும் தரும்படி மாற்றிய பிறகுதான் டீமில் மற்றவர்கள் என்னோடு சிரித்துப் பேசினார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் 100-லிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம் அது உருப்படியாக ஒன்றைக் காட்டியது. கவுன்டர் பில், போன் ஆர்டர் இரண்டிலும் வரி கணக்கிடும் மெத்தட்கள் (ஒரு வேலைக்கான கோட் தொகுதிகள்) ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டவை. சிபிடி அவற்றை ஒரே நகலாகக் காட்டாமல் இரண்டு துண்டாகக் காட்டியது: மேலே ஒரு துண்டு ஒன்றுபோல், கீழே ஒரு துண்டு ஒன்றுபோல், நடுவில் நாலு வரி ரிப்போர்ட்டில் இல்லை. அந்த நாலு வரிதான் வேறுபட்டிருந்தது. ஒன்றில் ஜிஎஸ்டியின் சரிபாதிகளான சிஜிஎஸ்டி (மத்திய அரசு வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு வரி) இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ரவுண்ட் செய்கிறது. மற்றதில் மொத்த வரியை ரவுண்ட் செய்துவிட்டு இரண்டாகப் பிரிக்கிறது. பத்து ரூபாய் ஐம்பது பைசா பொருளுக்கு 5 சதவீத வரி என்று வையுங்கள். இரண்டரை சதவீதம் 26.25 பைசா, ரவுண்ட் செய்தால் 26, இரண்டும் சேர்த்து 52. மொத்தமாகப் போட்டால் 52.5, ரவுண்ட் செய்தால் 53; அதைச் சமமாகப் பிரிக்கவும் முடியாது. ஒரு கடையின் கணக்காளர் மாதக்கணக்கில் ஒரு பைசா உதைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் எக்செலில் ஏதாவது இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிஎம்டியை வைத்துக்கொண்டதால் சிக்கல் அளவையும் கூடவே பார்க்கத் தொடங்கினோம். சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி என்பது தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த அளவு: ஒரு மெத்தடுக்குள் எத்தனை தனி வழிகள் இருக்கின்றன என்று எண்ணுவது. நியாயமான உச்ச வரம்பாக அவர் சொன்னது 10. பிஎம்டியும் அந்த எண்ணிலேயே எச்சரிக்கை காட்டுகிறது. எங்கள் வரி மெத்தட் 34. நண்பர் ஒருவர் ஒரே மதியத்தில் அதை ஐந்து மெத்தடாக வெட்டினார். ஒவ்வொன்றும் 10-க்குக் கீழே, ரிப்போர்ட் பச்சை. ஆனால் ஐந்துக்கும் நடுவில் மூன்று பூலியன்கள் (ஆம்/இல்லை மதிப்புகள்) ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பில்லின் கணக்கைப் புரிந்துகொள்ள ஐந்து இடம் தாவ வேண்டியிருந்தது. குப்பையை ஒரே மூலையில் வைத்திருந்த வீட்டில் எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி வைத்த மாதிரி.

பிறகு காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி என்ற, படிப்பவருக்கு எவ்வளவு கடினம் என்று பார்க்கும் இன்னோர் அளவுக்கு மாறினோம். பிஎம்டியில் அதன் வரம்பு 15. பன்னிரண்டு கேஸ் (கிளை) கொண்ட சாதாரண ஸ்விட்சுக்குப் பழைய அளவு 13 கொடுக்கும். புதியது 1 மட்டும்தான் கொடுக்கும். இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னோர் இஃப் என்றால் உள்ளே போகப் போக 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகும். படிக்கும்போது எனக்கு எங்கே தலை சுற்றுகிறதோ அங்கேதான் இதன் எண்ணும் ஏறுகிறது. விதிவிலக்குகளை மெத்தடின் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வரி வீதங்களை ஒரு டேபிளுக்கு நகர்த்தியதும் எண் தானாக இறங்கியது. ஐந்து துண்டுகளையும் மறுபடி இரண்டாக ஒட்டினோம்.

இனி என் தவறு. 2023-இல் சிபிடி இன்னொரு ஜோடியைக் காட்டியது. விற்பனை பில்லுக்கு வரி போடும் மெத்தட், சரக்கு திரும்பி வரும்போது கிரெடிட் நோட் (வாங்கிய தொகையைத் திருப்பிக் கணக்கில் காட்டும் சீட்டு) போடும் மெத்தட். இரண்டிலும் அறுபது வரி அப்படியே ஒன்று. இங்கேயும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. விற்பனையில் வரி வீதம் ஐட்டம் மாஸ்டரிலிருந்து (பொருட்களின் இன்றைய விவரப் பட்டியல்) வருகிறது. கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் வரியிலிருந்து வருகிறது. ஒரு பைசா கதை நினைவில் இருந்ததால், இதுவும் யாரோ கவனக்குறைவாக விட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டையும் சேர்த்தேன், வீதம் ஐட்டம் மாஸ்டரிலிருந்து. சோதித்தேன், எண்கள் பொருந்தின. பொருந்தாமல் எப்படி? வீதம் மாறாத நாட்களில் இரண்டும் ஒரே எண்தானே. 2022 ஜூலை 18-ஆம் தேதி பாக்கெட் அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீதம் வந்தபோது பழைய மெத்தட் இருந்ததால் சத்தமில்லாமல் தாண்டிவிட்டோம். நான் கை வைத்தது அதற்கு அடுத்த வருடம்.

2025 செப்டம்பர் 3 இரவு ஜிஎஸ்டி கவுன்சில் அறிவித்தது: 22-ஆம் தேதி முதல் 12, 28 சதவீத ஸ்லாப்கள் போகின்றன, பெரும்பாலானவை 5, 18-க்குள், சிலவற்றுக்கு மட்டும் 40. கையில் பத்தொன்பது நாள். நகல்களையெல்லாம் நாலு வருடமாகக் களைந்துவிட்டோமே, டேபிளில் மாற்றினால் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று 28 என்ற எண்ணை மொத்தக் கோடிலும் தேடியபோதுதான் தெரிந்தது. திரையில் வரி தேர்வு செய்யும் பட்டியலில் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தடவை. மாத ரிப்போர்ட்டில் எஸ்க்யூஎல் கேஸ் வரிகளில் ஒரு தடவை. பில்லின் அடியில் அச்சாகும் வரிச் சுருக்கத்தில் நெடுவரிசைத் தலைப்பாக ஒரு தடவை. சோதனைக்கு ஒரு கோலா பில் போட்டுப் பார்த்தோம்: 40 சதவீத வரி மொத்தத் தொகையில் இருந்தது, கீழே சுருக்கத்தில் எந்த நெடுவரிசையிலும் விழாமல் காணாமல் போனது.

இவை எல்லாம் நகல்தான். 'இந்த நாட்டில் இருக்கும் வரி ஸ்லாப்கள் இவை' என்ற ஒரே தகவல் நாலு இடத்தில், நாலு வடிவத்தில். சிபிடி ஒரு தடவைக்கு ஒரு மொழியைத்தான் பார்க்கும், அதிலும் டோக்கன் வரிசையைத்தான் பார்க்கும், ஆகவே இதைச் சொல்லவே முடியாது. குறையாகச் சொல்லவில்லை, அதன் வேலை அது இல்லை. 1999-இல் புரோகிராமர்களான ஆண்டி ஹன்ட், டேவ் தாமஸ் இருவரும் தங்கள் புத்தகத்தில் டிஆர்ஒய் (டோன்ட் ரிப்பீட் யுவர்செல்ஃப், திரும்பச் சொல்லாதே) என்று பெயர் சூட்டியபோது பேசியதும் ஒரு தகவல் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். நாங்கள் அதை ஒரேபோல் தெரிகிற வரிகளைச் சேர்ப்பதாக எடுத்துக்கொண்டோம்.

22-ஆம் தேதி ஓரளவு அமைதியாகவே போனது. 24-ஆம் தேதி ஒரு கடையிலிருந்து போன். 10-ஆம் தேதி 18 சதவீத வரியோடு விற்ற ஷாம்பு திரும்பி வந்திருக்கிறது. இருநூறு ரூபாய் பொருள், வரியோடு 236 வாங்கியிருக்கிறார்கள். எங்கள் மென்பொருள் 5 சதவீதம் போட்டு 210 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் அடித்துவிட்டது. வாடிக்கையாளர் பழைய பில்லை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பழைய விற்பனைக்கான கிரெடிட் நோட் பழைய பில்லின் வீதத்திலேயே போக வேண்டும். 2017-இல் அந்த மெத்தடை எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது. நான் கவனக்குறைவு என்று நினைத்த அந்த இடைவெளி சட்டம். அன்று இரவே இரண்டையும் மறுபடி பிரித்தேன். இப்போது அந்த அறுபது வரியும் இரட்டையாகத்தான் இருக்கிறது.

சிபிடியை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால், இல்லை. 2024 மார்ச்சில் பிஎம்டி 7 வந்தபோது கமாண்ட் வடிவம் மாறியதால் ஸ்கிரிப்ட்டைத் திருத்த அரை நாள் போனது, மற்றபடி இத்தனை வருடத்தில் பெரிய தொந்தரவு தந்ததில்லை. பழைய கோடை வாரிசாகப் பெற்றிருப்பவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். புதிதாக, ஓரிருவர் மட்டும் எழுதுகிற கோடுக்கு அவ்வளவு தேவைப்படாது. நான் பார்க்கும் விதம்தான் மாறியிருக்கிறது: ரிப்போர்ட்டில் ஒரே ஜோடி இரண்டு துண்டாக வந்தால், சிபிடி காட்டிய வரிகளை விட்டுவிட்டு நடுவில் காட்டாத வரிகளை முதலில் திறக்கிறேன். அது எப்போது, யாரால், எதற்காக வந்தது என்று கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றையும் பார்க்கிறேன்.

அந்த அறுபது வரிக்கு மேலே, இதைப் பார்க்காதே என்று சிபிடிக்குச் சொல்லும் சிபிடி-ஆஃப் என்ற கமென்ட், கீழே சிபிடி-ஆன். ரிப்போர்ட்டில் அது இனி வராது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டு, "அண்ணா, இது ரெண்டும் ஒண்ணுதானே, சேத்துடட்டுமா?" என்று கேட்டாள். ஆஃப் கமென்டுக்கு மேலே எழுதியிருக்கும் வரியைக் காட்டினேன்: 'சேர்க்கும் முன் 10.09.2025 ஷாம்பு டெஸ்டை ஓட்டிப் பார்க்கவும்.' சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். 236 வர வேண்டிய இடத்தில் 210 வந்தது.