மனவிலகலுக்கு எந்தத் தியானம்? யாங்கூன் தமிழருக்கு ஓர் ஒப்பீடு

யாங்கூனில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால், "பத்து நாள் உட்கார்ந்துட்டு வாங்க" என்று சொல்ல ஆள் இருக்கும். சாதாரணக் கவலைக்கு அது சரியாக வரலாம். டிசோசியேஷன் எனப்படும் மனவிலகல் வேறு சங்கதி. தன் கை தன்னுடையதில்லை போலத் தோன்றும், தெரு கண்ணாடிக்கு அப்பால் நகரும், நடந்ததில் பாதி நினைவில் நிற்காது. பல நேரம் இதன் பின்னால் பழைய அதிர்ச்சி ஒன்று இருக்கும். (அம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுவதை இதோடு சேர்க்க வேண்டாம். சமூகம் வழிபாடாக ஏற்றுக்கொண்டதை மருத்துவ வகைப்பாடும் நோயாக எண்ணுவதில்லை.)

பத்து நாள் முகாம் என்றால் பெரும்பாலும் எஸ். என். கோயங்கா பரப்பிய விபாசனா தியான முறை. மாண்டலேயில் பிறந்த அவர் 1955-இல் பர்மியத் தியான ஆசிரியர் ஊ பா கினிடம் கற்றது. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடலுணர்ச்சிகளைக் கவனிப்பது, தினமும் சுமார் பத்து மணி நேரம், சக மாணவரிடம் பேச்சே கிடையாது. உடலின் கெட்டித்தன்மை கரைந்து போவதாக உணர்வதை இந்த மரபு பங்கம் என்று சொல்லி வளர்ச்சியாகக் கொள்கிறது. ஏற்கெனவே உடம்பு கைநழுவிப் போகிறதே என்று நடுங்குகிறவருக்கு அதே அனுபவம் எப்படி இருக்கும்? கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் மறைப்பது நம் ஆட்கள்தான்.

பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறையில் மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனதுக்குள் பெயரிட்டுக் குறிப்பார்கள். அமர்வுக்கு நிகராக நடையும் உண்டு. கண் திறந்திருக்கும், பாதம் தரையில் படும், குருவிடம் அனுபவத்தைச் சொல்லலாம். அந்த வகையில் இது மேல். ஆனால் மனவிலகல் உள்ளவர் ஏற்கெனவே தன்னைத் தள்ளி நின்று பார்க்கிறவர். ஓயாமல் குறித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தூரம் கூடிவிடக்கூடும்.

1979-இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தொடங்கிய, மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனக்கவனத்துக்கான எட்டு வாரப் பயிற்சியில் வாரம் ஒரு வகுப்பு, இரவு நம் வீட்டுப் படுக்கை. ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடலாம். ஆனால் படுத்துக் கண்மூடி உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி இதிலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். கண் திறந்து, ஓசையைக் கேட்டு, மூன்றே நிமிடம் என்று மாற்றித் தரும் ஆசிரியர் கிடைத்தால் நல்லது.

என் ஓட்டு இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதற்கு. அதிர்ச்சி சிகிச்சையில் முதல் கட்டம் நிலைப்படுத்தல்: கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்வது, பாதத்தைத் தரையில் அழுத்துவது, குளிர்ந்த நீரில் கை வைப்பது. கவனம் உள்ளே போகாமல் வெளியே வருகிறது. மனநல மருத்துவரின் துணையோடு இது பழகியபின் மகாசி நடையைப் பத்து நிமிடம் சேர்க்கலாம். நீண்ட முகாம் எல்லாம் அப்புறம்.

அதற்கு முன்னரே முகாமுக்குப் போய்விட்டீர்களா? கை அந்நியமாகத் தோன்றியதும் கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். "பொறுத்துக்கொண்டு உட்காருங்கள்" என்று பதில் வந்தால் பையைக் கட்டுங்கள்.