டிமாண்ட் கன்ட்ரோலர்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் அலுவலகக் கட்டடத்தில், மின்சாரப் பயன்பாட்டின் உச்சம் வரம்பைத் தாண்டாமல் லோடைக் குறைக்கும் டிமாண்ட் கன்ட்ரோலர் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம்; ஆனால் அதற்கு முன் மீட்டரின் லோடு கர்வை (எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறோம் என்ற வரைபடம்) ஒரு மாதத்துக்காவது எடுத்து வைத்துப் பாருங்கள்.

டிமாண்ட் கட்டணம் யூனிட்டுக்கு வருவதில்லை. பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடச் சராசரியில் அந்த மாதம் தொட்ட உச்சத்துக்குத்தான் வருகிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஆம்பியர் குதிப்பதால்தான் பில் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அந்தச் சில விநாடிக் குதிப்பெல்லாம் சராசரியில் கரைந்துபோகும்.

எங்களுக்கு உச்சம் வந்தது திங்கள் காலையில். இரண்டு நாள் ஏசி இல்லாமல் வெந்து கிடந்த கட்டடத்தில் எல்லா ஏஹெச்யூவும் (குளிர்ந்த காற்றை அறைகளுக்குத் தள்ளும் ஃபேன் யூனிட்கள்) ஒன்றாகக் கிளம்ப, ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இரண்டும் முழு லோடில் முக்கிக்கொண்டிருக்கும், அதே நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரும் ஓடும். ஒரு சில்லரை மட்டும் விடியற்காலையிலேயே ஓடவிட்டு, தொட்டி நிரப்புவதை இரவுக்குத் தள்ளியதுமே உச்சம் நன்றாக இறங்கிவிட்டது. இதற்கு டைமரே போதும், விற்க வந்தவர் இதை ஏன் சொல்லப்போகிறார்!

கன்ட்ரோலருக்கு உண்மையான வேலை மதியத்தில். போகிற வேகத்தில் போனால் இந்த 15 நிமிடம் முடிவதற்குள் வரம்பைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு லோடைக் குறைக்கும். முதலில் ஏஹெச்யூக்களை அடியோடு நிறுத்தும்படி செட் செய்து கொடுத்திருந்தார்கள்; நின்றதெல்லாம் சற்று நேரத்தில் ஒன்றாகத் திரும்பி ஓட, சில நாள் அதுவே புது உச்சம். இப்போது விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வேகத்தை மட்டும் குறைக்கிறோம். ஃபேன் வேகம் 20 சதவீதம் குறைந்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், கொஞ்ச நேரத்துக்கு என்றால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை.

அப்புறம், கிலோவாட்டில் இல்லாமல் கேவிஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்து வரும் மொத்த அளவு) கணக்கில் பில் வருகிறதென்றால், பவர் ஃபேக்டரை (அந்தக் கேவிஏவில் கிலோவாட்டின் பங்கு) உயர்த்தும் கெபாசிட்டர் பேங்கையும் கவனியுங்கள். அதே 400 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.85 என்றால் 471 கேவிஏ, 0.98 என்றால் 408தான்.

குறை என்றால் இரண்டு. கன்ட்ரோலரின் கடிகாரமும் மீட்டரின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் எல்லாம் வரம்புக்குள் இருக்கும், பில் வேறு கதை சொல்லும்; மீட்டரிலிருந்தே சிங்க் பல்ஸ் (சராசரிக் கணக்கின் ஒவ்வொரு இடைவெளியும் தொடங்கும்போது வரும் சிக்னல்) எடுத்த பிறகுதான் அது சரியானது. இன்னொன்று, யாராவது புழுங்குகிறது என்று புகார் சொன்னதும் ஷிஃப்டில் இருப்பவர் மேனுவலுக்குத் திருப்பிவிட்டுப் போய்விடுகிறார், மாத முடிவில் பில் வரும்வரை அது அப்படியே கிடக்கும். அதனால் பேனலில் ஆட்டோ விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதையும் காலை ரவுண்ட்ஸ் ஷீட்டில் சேர்த்திருக்கிறோம்.